மழைத்துளியை லேசரில் அளப்பது: சென்னையில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"நுங்கம்பாக்கத்தில் இத்தனை செ.மீ., மீனம்பாக்கத்தில் இத்தனை செ.மீ." என்று செய்தியில் வரும் மழை அளவு, முந்தைய நாள் காலை எட்டரை மணி முதல் அன்று காலை எட்டரை மணி வரை சேர்ந்த மொத்தம். விவசாயக் கணக்குக்கும் பருவமழைக் கணக்குக்கும் அது போதும். உங்கள் தெருவில் அரை மணி நேரத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது எப்படி என்ற கேள்விக்கு அதில் விடை இருக்காது. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் எதிர்பாராமல் கொட்டிய மழையை நினைவுபடுத்திப் பாருங்கள். சில மணி நேரத்துக்குள் அவ்வளவும் விழுந்ததால்தான் நகரம் நின்றுபோனது. அந்த வேகத்தை நிமிடத்துக்கு நிமிடம் பிடித்துத் தரும் கருவிகளில் லேசர் சென்சார் முக்கியமானது.

இதன் விலை சில லட்சங்களில் இருக்கிறது. ஆகவே பெரும்பாலும் கல்லூரித் துறைகளும் ஆய்வுத் திட்டங்களும்தான் வாங்குகின்றன. ஒரு நாள் திடீரென்று "இதை மாடியில் பொருத்துங்கள்" என்று ஒரு மாணவரிடமோ இளம் ஆய்வாளரிடமோ பெட்டி வந்து சேர்கிறது. அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், அது எதைப் பார்க்கிறது?

எதிரெதிராக இரண்டு தலைகள். ஒன்றிலிருந்து மெல்லிய பட்டையாக லேசர் ஒளி புறப்பட்டு மற்றொன்றில் விழுகிறது. பார்சிவெல் என்ற ஜெர்மன் கருவியில் இந்தப் பட்டை 18 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். அதாவது 54 சதுர செ.மீ. தீஸ் நிறுவனத்தின் கருவியில் சுமார் 46 சதுர செ.மீ. ஒரு துளி இந்தப் பட்டையைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் விழும் ஒளி ஒரு கணம் குறைகிறது. எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து துளியின் விட்டம் கிடைக்கிறது. எவ்வளவு நேரம் குறைந்திருந்தது என்பதிலிருந்து வேகம் கிடைக்கிறது. ஒவ்வொரு துளிக்கும் இந்த இரண்டு எண்கள்தான் நேரடி அளவீடு. திரையில் வரும் மற்ற எல்லாமே இவற்றிலிருந்து கணக்கிட்டு வருபவை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

விட்டமும் வேகமும் சேர்ந்து ஏன் வேண்டும்? காற்று வீசாத வேளையில் மழைத்துளி தன் அளவுக்கேற்ற ஒரே வேகத்தில்தான் விழும். 1 மி.மீ. துளி நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர், 2 மி.மீ. துளி 6.5 மீட்டர், 5 மி.மீ. துளி 9 மீட்டர். 1949இல் கன், கின்சர் இருவரும் அளந்து வெளியிட்ட அட்டவணையை இன்றும் இந்தத் துறையில் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அதே அளவுள்ள பனித்துகள் மிக மெதுவாக இறங்கும். ஆலங்கட்டி பெரிதாகவும் வேகமாகவும் வரும். இந்த வேறுபாட்டை வைத்தே கருவி "தூறல்", "மழை", "பனி", "ஆலங்கட்டி" என்று வகை பிரிக்கிறது. இங்கிருந்துதான் மழையின் தீவிரம், மொத்த அளவு, வானிலைக் குறியீட்டு எண், ரேடார் எதிரொலி மதிப்பு, பார்வைத் தூரம் எல்லாம் பிறக்கின்றன.

பார்வைத் தூரம்: வாங்குவதற்கு முன்பே தெளிவாக வேண்டியது

விவரக் குறிப்பில் "மழையும் பார்வைத் தூரமும்" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, மூடுபனிக்கும் புகைக்கும் இதே கருவி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் திட்ட அறிக்கையில் தவறாக எழுதிவிட்டால் பிறகு திருத்த வழியில்லை.

மூடுபனியின் நீர்த்திவலை பொதுவாக 0.01, 0.02 மி.மீ. அளவில் இருக்கும். லேசர் மழை சென்சார் அடையாளம் காணும் மிகச் சிறிய துளி ஏறத்தாழ 0.2 மி.மீ. பத்து மடங்கு சிறியதை அது பார்ப்பதே இல்லை. அது தரும் பார்வைத் தூரம், பட்டையைக் கடந்த மழைத்துளிகள் எவ்வளவு ஒளியை மறைத்திருக்கும் என்ற கணக்கு மட்டுமே. கனமழையில் ஜி.எஸ்.டி. சாலையில் முன்னால் போகும் பஸ் எவ்வளவு தூரத்தில் மறையும் என்பதைச் சொல்ல அது உதவும். போகிப் பண்டிகைக் காலையில் உதவாது. 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களைத் தடுத்து நிறுத்தின. அத்தகைய காலையில் மழை சென்சார் துளி எதுவும் காணாமல், பார்வைத் தூரத்துக்கு அதிகபட்ச எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அதில் கருவியின் பழுது எதுவுமில்லை.

புகை, மூடுபனி, தூசி ஆகியவற்றுக்கு முன்சிதறல் வகை சென்சார் வேண்டும். அதிலும் இரண்டு தலைகள் உண்டு, ஆனால் அவை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. ஒன்று அகச்சிவப்பு ஒளியைக் காற்றில் அனுப்புகிறது. மற்றொன்று சற்றுச் சாய்வாகத் திரும்பியிருந்து, நடுவில் உள்ள சிறு காற்றுப் பகுதியில் சிதறி வரும் ஒளியை அளக்கிறது. காற்றில் துகள் கூடினால் சிதறல் கூடும், பார்வைத் தூரம் குறையும். மூன்றாவது வகை, ஓடுதளத்தின் ஓரத்தில் பல மீட்டர் இடைவெளியில் இரண்டு தூண்களை நிறுத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் ஒளி எவ்வளவு குறைகிறது என்று நேரடியாக அளப்பது. பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய 'திருஷ்டி' இந்த வகை. நம் நாட்டு விமான நிலையங்கள் பலவற்றில் அது இருக்கிறது.

மூன்றும் இறுதியில் ஒரே அளவைத் தருகின்றன: 2,700 கெல்வின் நிற வெப்பநிலையுள்ள விளக்கின் இணைக்கற்றை ஒளி 5 சதவீதமாகக் குறையும் தூரம். ஒளி மங்கும் விகிதம் தெரிந்தால் 3ஐ அதனால் வகுத்தால் போதும். கிலோமீட்டருக்கு 3 என்ற விகிதம் என்றால் பார்வைத் தூரம் 1 கிலோமீட்டர். காற்றில் மிதக்கும் நீர்த்திவலைகளால் அது 1 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் மூடுபனி என்று வானிலையாளர்கள் பதிவு செய்வார்கள்.

ஆகவே வெள்ளம், வடிகால், ரேடார் ஒப்பீடு உங்கள் நோக்கமானால் லேசர் மழை சென்சார். சாலைப் பாதுகாப்பு, புகை, விமானப் போக்குவரத்து என்றால் முன்சிதறல் சென்சார். நிதி இருந்தால் இரண்டும். பணம் குறைவு, மழை பெய்கிறதா, ஏறத்தாழ எவ்வளவு என்பது மட்டும் போதும் என்றால் அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் சிறிய மழைமானிகள் மிகக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. துளியின் அளவையும் வேகத்தையும் அவை தராது.

படி 1: இடம்

நகரில் திறந்த தரை கிடைப்பது அரிது. கிடைத்தால் தரைதான் சிறந்தது. மரமோ சுவரோ அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்கட்டும். மொட்டை மாடிதான் வழி என்றால் கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் பொருத்தாதீர்கள். கட்டடத்தில் மோதும் காற்று அங்கே மேல்நோக்கி எழும்பித் துளிகளைத் தள்ளிக்கொண்டு போகும். மாடியின் நடுப்பகுதியே நல்லது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அதன் சாரல் பட்டையில் பட்டால் வெயில் நாளிலும் மழை பதிவாகும்.

இரண்டு அங்குல ஜி.ஐ. பைப்பைக் கான்கிரீட் பீடத்தில் நிறுத்தி, சென்சாரைத் தளத்திலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் வையுங்கள். தரையில் பட்டுத் தெறிக்கும் நீர் அந்த உயரத்துக்கு அரிதாகவே எழும். பைப் ஆடக்கூடாது. சாய்வும் இருக்கக்கூடாது, ரசமட்டம் வைத்துப் பார்த்து இறுக்குங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், மெரினா ஓரம் என்றால் உப்புக் காற்றைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். திருகுகள் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். கண்ணாடி மீது படியும் உப்புப் படலம்தான் கடற்கரைக் கருவிகளுக்கு முதல் எதிரி.

படி 2: திசை

ஒளியைப் பெறும் தலைக்குள் நேர் வெயில் விழக்கூடாது. அதனால் பட்டையைக் கிழக்கு மேற்காக வைக்கவே கூடாது, காலையும் மாலையும் தாழ்ந்த சூரியன் நேராக உள்ளே பார்க்கும். வடக்கு தெற்காக வைத்து, பெறும் தலை தெற்கில் நின்று வடக்கே பார்க்குமாறு பொருத்துங்கள். சென்னை 13 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் சற்று வடக்கே போகும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது அது உச்சந்தலைக்கு அருகில் இருக்கும், தொல்லையில்லை. நமக்கு முக்கியமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை சூரியன் தெற்கிலேயே நிற்கிறது.

காற்றுக்காகத் திருப்பலாமா என்ற கேள்வி வரும். பருவமழைக் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, அதற்கேற்பச் சற்றுச் சாய்த்து வைப்பவர்களும் உண்டு. என் கருத்து: வெயிலுக்கு முதலிடம் கொடுங்கள். சாய்வாக வரும் துளிகளைப் பின்னால் தரவில் ஓரளவு வடிகட்ட முடியும்.

லேசரின் பாதுகாப்பு வகை கருவியின் மேல் ஒட்டிய சீட்டில் இருக்கும், படித்துவிடுங்கள். எந்த வகையானாலும் மின்சாரம் இருக்கும்போது கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம்.

படி 3: மின்சாரம், எர்த், கேபிள்

கருவிக்கு 24 வோல்ட் நேர்மின்சாரம் போதும், சூடாக்கி இல்லாமல் சில வாட்தான் எடுக்கும். பனி நாடுகளுக்காக வைத்திருக்கும் கைகளின் சூடாக்கி இங்கே தேவையில்லை, அதை அமைப்பில் அணைத்துவிடலாம். கண்ணாடிச் சூடாக்கி தனி விஷயம். நம் ஊர் ஈரப்பதத்தில் விடியற்காலையில் கண்ணாடி வியர்க்கும், ஆகவே அது இருக்கட்டும்.

கனமழையில் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் வழக்கம் சென்னையில் உண்டு. உங்களுக்கு மிகவும் தேவையான மணி நேரங்களில்தான் கரண்ட் இருக்காது. அதனால் பேட்டரி ஆடம்பரச் செலவில்லை. ஒரு நாள் முழுவதும் தாங்கும் பேட்டரியைக் கணக்கிட்டு வாங்குங்கள். அதைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள்.

இடியைப் பொறுத்தவரை, பைப்பைக் கட்டடத்தின் எர்த்தோடு தடித்த செம்புக் கம்பியால் இணையுங்கள். மின்சாரக் கம்பி, தகவல் கம்பி இரண்டிலும் மின்னெழுச்சித் தடுப்பான் போடுங்கள். தகவல் கம்பி ஆர்.எஸ்.485 என்ற தகவல் பரிமாற்ற முறையில், முறுக்கிய இரட்டைக் கம்பியாக இருக்கட்டும். மாடியிலிருந்து கீழறைக்குப் போகும் தூரத்துக்கு அது தாராளம். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடம் கீழ்ப்பக்கமாக இருக்க வேண்டும், நுழைவதற்கு முன் கேபிள் ஒரு வளைவாகத் தொங்க வேண்டும். அப்போதுதான் வழிந்து வரும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

படி 4: பதிவு

ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி போதும். சென்சார் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நீண்ட வரியை அனுப்பும், எண்களுக்கு இடையே அரைப்புள்ளி இருக்கும். அதில் எதையெல்லாம் அனுப்ப வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். மழைத் தீவிரமும் மொத்த அளவும் மட்டும் போதும் என்று விட்டுவிட்டால், பின்னால் ஒரு சந்தேகம் வரும்போது சரிபார்க்க எதுவும் மிஞ்சாது. பார்சிவெல் ஒவ்வொரு துளியையும் 32 அளவு வகுப்பு, 32 வேக வகுப்பு என்ற கட்டத்தில் எண்ணிப் போடுகிறது. மொத்தம் 1,024 எண்கள். அந்த முழுக் கட்டத்தையும் (இனி 'மூலக் கட்டம்') சேமியுங்கள். கருவி தந்த மழை அளவு தவறு என்று பிறகு தெரிந்தாலும் இந்தக் கட்டத்திலிருந்து நீங்களே மறுபடி கணக்கிடலாம்.

அடுத்தது நேரம். ராஸ்பெரி பையின் பழைய மாடல்களில் கடிகாரத்துக்கான பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்து, இணையமும் இல்லையென்றால் அது தவறான நேரத்தில் எழுதத் தொடங்கும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் கடிகாரச் சில்லு ஒன்றை இணைத்துவிடுங்கள். உலக நேரத்தில் பதிவு செய்கிறீர்களா, இந்திய நேரத்திலா என்று கோப்பின் முதல் வரியிலேயே எழுதுங்கள். வானிலை ஆய்வு மையத்தின் காலை எட்டரை மணி என்பது உலக நேரத்தில் 3 மணி. இதைக் கலந்துவிட்டால் ஒரு நாளின் மழை அடுத்த நாளில் போய் உட்காரும்.

படி 5: முதல் சோதனை

பொருத்தி முடித்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை, ஊசிக்குழாயில் தண்ணீர் எடுத்துப் பட்டை மீது சொட்டிப் பார்ப்பது. சொட்டலாம், ஆனால் மழை அளவு பூஜ்யமாகவே இருந்தால் பதற வேண்டாம். ஒரு சாண் உயரத்திலிருந்து விழும் துளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் வேகத்தைத்தான் எட்டியிருக்கும். ஊசிக்குழாயின் துளி ஏறத்தாழ 3 மி.மீ. இருக்கும், வானத்திலிருந்து வந்திருந்தால் அது 8 மீட்டர் வேகத்தில் வந்திருக்க வேண்டும். பெரிய துளி, மெதுவான வேகம்: இது மழையாக இருக்க முடியாது என்று கருவியின் மென்பொருள் தள்ளிவிட வாய்ப்பு அதிகம். மொத்த அளவைப் பார்க்காமல், துளிகளின் எண்ணிக்கையும் மூலக் கட்டமும் மாறுகின்றனவா என்று பாருங்கள். மாறினால் கருவி விழித்திருக்கிறது.

இதைவிடப் பயனுள்ள சோதனை, வறண்ட நாட்கள் சிலவற்றில் ஓடவிட்டுப் பார்ப்பது. மழையில்லாத நாளில் என்னென்ன பதிவாகிறது என்று தெரிந்தால்தான் மழை நாளில் எதை நம்பலாம் என்று தெரியும்.

படி 6: பக்கத்தில் ஒரு சாதாரண மழைமானி

இதைத் தவிர்க்கவே கூடாது. வானிலை நிலையங்களில் இருக்கும் வகை, 200 சதுர செ.மீ. வாய் கொண்ட மழைமானி ஒன்றை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். அதில் 20 மில்லிலிட்டர் தண்ணீர் என்றால் 1 மி.மீ. மழை. தினமும் காலை எட்டரைக்கு ஒருவர் அளந்து எழுத வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்கிறேன். 54 சதுர செ.மீ. பட்டையில் 1 மி.மீ. மழை என்பது வெறும் 5.4 மில்லிலிட்டர். எல்லாம் 2 மி.மீ. துளிகளானால் அது ஏறத்தாழ 1,300 துளிகள். எல்லாம் 5 மி.மீ. துளிகளானால் 80 சொச்சம்தான். அதாவது மாலையில் விளக்கைத் தேடி வரும் பூச்சிகளில் ஒன்றைக் கருவி 5 மி.மீ. துளி என்று எண்ணிவிட்டால், ஒரே தவறில் 0.01 மி.மீ.க்கு மேல் மழை கூடிவிடும். பிழை இரு திசையிலும் வரும். இரண்டு துளிகள் ஒரே கணத்தில் கடந்தால் ஒரே பெரிய துளியாகத் தெரியும். பட்டையின் ஓரத்தில் பாதி மட்டும் பட்ட துளி சிறியதாகத் தெரியும். ஆகவே ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் வேறுபாடு மாறிக்கொண்டே இருக்கும். நிமிடக் கணக்கில் ஒப்பிடாமல், ஒரு மழை தொடங்கி முடியும் வரையிலான மொத்தத்தை ஒப்பிடுங்கள். வேறுபாடு 10, 15 சதவீதத்துக்குள் நின்றால் நன்றாகவே வேலை செய்கிறது என்பேன். எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் கண்ணாடியையும் மட்டத்தையும் பாருங்கள்.

படி 7: தரவைச் சுத்தம் செய்தல்

சென்னைக்கு ஒரு வசதி உண்டு: இங்கே பனி பொழியாது. உலக வானிலை அமைப்பின் 4680 குறியீட்டு அட்டவணையில் 61, 62, 63 என்பவை இலேசான, மிதமான, கனத்த மழை. 71, 72, 73 என்பவை பனிப்பொழிவு. உங்கள் பதிவில் 71 வந்தால் அது பெரும்பாலும் சிலந்தி, பூச்சி, மாவிலைத் துணுக்கு, பஞ்சு இவற்றில் ஒன்று. பனிக் குறியீடு வந்த நிமிடங்களைத் தனியே எடுத்து, எந்த நேரத்தில் கூடுகின்றன என்று பாருங்கள். அந்தி நேரத்தில் கூடினால் பூச்சி. பகல் முழுவதும் விட்டுவிட்டு வந்தால் இரண்டு தலைகளுக்கும் நடுவே சிலந்தி வலை ஆடிக்கொண்டிருக்கும்.

அடுத்து, கன் கின்சர் வளைகோட்டை மூலக் கட்டத்தின் மேல் வரைந்து, அதிலிருந்து வேகத்தில் பாதிக்கு மேல் விலகி நிற்கும் துகள்களை நீக்குங்கள். கைப்பிடிச் சுவரில் தெறித்தவை, ஓரத்தில் பட்டவை எல்லாம் இதில் போய்விடும்.

புயல் நாட்களுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது வீசியது போன்ற காற்றில் துளிகள் பட்டையைச் செங்குத்தாகக் கடப்பதில்லை. மூலக் கட்டத்தில் "மிகப் பெரிய, மிக மெதுவான" துளிகள் கூட்டமாகத் தோன்றும். அவை இயற்கையில் இல்லாதவை. அந்த மணி நேரங்களின் மழை அளவைச் சந்தேகத்துக்குரியது என்று குறியிட்டு வையுங்கள், அழிக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு காற்றுமானி இருந்தால் எந்த நிமிடங்களைக் குறியிடுவது என்று எளிதில் முடிவு செய்யலாம்.

படி 8: ரேடாரோடு சேர்த்துப் பார்ப்பது

இத்தனை உழைப்புக்கும் பலன் இங்கேதான். இந்தியாவின் முதல் நவீன டாப்ளர் வானிலை ரேடார் 2002இல் சென்னைத் துறைமுகத்தில் நிறுவப்பட்டது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் 2022 முதல், குறைந்த அலைநீளத்தில் இயங்கும் எக்ஸ் பேண்ட் வகை ரேடார் ஒன்றும் இயங்குகிறது. ரேடார் மழையை அளப்பதில்லை, துளிகளிலிருந்து திரும்பி வரும் எதிரொலியை அளக்கிறது. எதிரொலி துளி விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. 1 மி.மீ. துளியைவிட 2 மி.மீ. துளியில் எட்டு மடங்கு தண்ணீர், ஆனால் அறுபத்து நான்கு மடங்கு எதிரொலி. எனவே ஒரே எதிரொலி, துளிகள் எப்படி என்பதைப் பொறுத்து வெவ்வேறு மழையைக் குறிக்கலாம்.

மார்ஷல், பால்மர் பெயரால் வழங்கும் சூத்திரப்படி எதிரொலி என்பது மழைத் தீவிரத்தின் 1.6 அடுக்கை 200ஆல் பெருக்கினால் வருவது. அது வேறொரு நாட்டு மழையை வைத்துப் பிறந்தது. உங்கள் மூலக் கட்டத்திலிருந்து ஒவ்வொரு நிமிடத்துக்கும் எதிரொலியையும் மழைத் தீவிரத்தையும் கணக்கிட்டு, மடக்கைத் தாளில் புள்ளிகளாகப் போட்டால் நம் ஊருக்கான 200க்கும் 1.6க்கும் பதிலான எண்கள் கிடைக்கும். ஜூன் மாத மாலை இடிமழையையும் நவம்பர் மாத அடைமழையையும் தனித்தனியாகப் போடுங்கள், ஒன்றாகக் கலந்தால் இரண்டுக்கும் பொருந்தாத கோடு ஒன்று வந்துவிடும்.

பராமரிப்பு

செப்டம்பர் கடைசியில், பருவமழைக்கு முன், ஒரு முழுச் சுத்தம். மென்மையான துணி, சுத்தமான தண்ணீர், தேவைப்பட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கொரு முறை கண்ணாடியைப் பாருங்கள், கடற்கரையோரம் என்றால் வாரம் ஒருமுறை. கருவியே லேசர் ஒளியின் பலத்தை ஓர் எண்ணாகத் தரும். அதை நாள்வாரியாக வரைந்து வைத்தால் கண்ணாடி மங்குவது முன்கூட்டியே தெரியும். முன்சிதறல் சென்சாரில் ஒரு நுட்பம் உண்டு: கண்ணாடி அழுக்கானால் ஒளி குறைந்து பார்வைத் தூரம் கூடுதலாகக் காட்டும், சிலந்தி வலை குறுக்கே வந்தால் சிதறல் கூடிப் பார்வைத் தூரம் குறைவாகக் காட்டும். அதனால் எண் சரியாகத் தெரிகிறது என்பதற்காகச் சுத்தம் செய்யாமல் விட்டுவிடக் கூடாது.

காக்கைகள் உட்காரும் இடம் இதுதான் என்று முடிவு செய்துவிட்டால் தலைகளின் மேல் முள்கம்பிகள் பொருத்துங்கள், பல நிறுவனங்கள் அவற்றைக் கருவியோடே தருகின்றன.

சென்சார் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். பொருத்திய உயரம், திசை, மென்பொருள் பதிப்பு, கண்ணாடி துடைத்த தேதி, கரண்ட் போன நேரம், அருகில் புதிதாகக் கட்டடம் எழும்பியது ஆகியவற்றை அதில் எழுதுங்கள். தரவை யாருக்காவது கொடுக்கும்போது அந்த நோட்டின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.